லூமென் பார்த்து டார்ச் வாங்குறீங்களா? முதல்ல சிவப்பு தெரியுதான்னு பாருங்க... சிஆர்ஐ என்றால் என்ன? முழு விளக்கம்

ஐப்பசி பிறந்து வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தாலே கடலூர் மாவட்டத்து வீடுகளில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிரெட், பால் பவுடர், ஒரு டார்ச். மற்றதையெல்லாம் யோசித்து வாங்குவோம். டார்ச் மட்டும் கடைக்காரர் கையில் கொடுப்பதுதான். "அடிச்சுப் பாருங்க, கண்ணு கூசும்" என்பார். கூசும். வாங்கிவிடுவோம்.

கண் கூசுவது நல்ல டார்ச்சுக்கு அடையாளம் இல்லை. அந்த வெளிச்சத்தில் ஒரு பொருளின் நிறம் அதன் நிறமாகவே தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதை அளக்க ஒரு எண் இருக்கிறது. பெட்டியில் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். அதன் பெயர் சிஆர்ஐ. தமிழில் நிறம் காட்டும் திறன் என்று சொல்லலாம்.

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, தானே புயல் வரைக்கும்.

இருட்டில் இருந்த நாட்கள்

2011 டிசம்பர் 30-ம் தேதி காலை, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. நகரத்துக்கு முதலில் கரண்ட் வந்தது. கிராமங்களில் பல இடங்களில் வாரக்கணக்கில் இல்லை. நெய்வேலியில் கரண்ட் தயாரிக்கிற மாவட்டம் எங்களுடையது என்பதை அப்போது எல்லோரும் சிரிக்காமல் சொல்லிக் காட்டினார்கள்.

நான் அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆயாவுக்கு பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பது அவங்க பழக்கம். பிரஷர் மாத்திரை வெளிறிய ரோஸ் நிறம், சுகர் மாத்திரை வெள்ளை. கிட்டத்தட்ட ஒரே அளவு. நிறத்தை வைத்துத்தான் பிரித்து எடுப்பாங்க.

புயலுக்குப் பிறகு ஒரு ராத்திரி, வீட்டில் இருந்த மலிவு எல்இடி டார்ச்சை நான் பிடிக்க, ஆயா மாத்திரை எடுத்துப் போட்டாங்க. இரண்டும் சுகர் மாத்திரை. நள்ளிரவில் வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறிப் போச்சு. அம்மா சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், விடிந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. மறுநாள் வெயிலில் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தேன். ரோஸ் தனியாக, வெள்ளை தனியாக, பளிச்சென்று தெரிந்தது. அன்று ராத்திரி அதே டார்ச்சை அடித்துப் பார்த்தால் எல்லாமே ஒரே நீலம் கலந்த வெள்ளை.

(மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வைக்காதீங்க. அது டார்ச்சை விட முக்கியமான விஷயம்.)

அதற்குப் பிறகு 2015-ல் வெள்ளம். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம். ஒவ்வொரு முறையும் கரண்ட் போகிறது. ஒவ்வொரு முறையும் அதே ரக டார்ச்தான் வீடுகளில் எரிகிறது.

சிஆர்ஐ என்றால் என்ன?

ஒரு விளக்கின் வெளிச்சத்தில் பொருள்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரிகிறது என்பதற்கான மதிப்பெண். அதிகபட்சம் 100. ஒளி அளவீடுகளுக்கான சர்வதேச ஆணையமான சிஐஇ 1960-களில் இந்த முறையை வகுத்து, பிறகு திருத்தி, இன்றும் பயன்பாட்டில் வைத்திருக்கிறது. குறிப்பிட்ட நிற அட்டைகளை ஒப்பீட்டு ஒளியில் வைத்தால் எப்படித் தெரிய வேண்டும், இந்த விளக்கில் எப்படித் தெரிகிறது என்று கணக்கிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

வெயிலுக்கு 100. பழைய குண்டு பல்புக்கும் ஏறக்குறைய 100. சாதாரண வெள்ளை எல்இடி டார்ச்சுக்கு 70 அளவில்தான் வரும். நல்ல டார்ச் என்றால் 90-க்கு மேல் இருக்க வேண்டும்.

பரீட்சையில் 70 வாங்கினால் பாஸ்தானே? இங்கே அந்தக் கணக்கு செல்லாது. ஏனென்றால் பெட்டியில் போடும் சிஆர்ஐ எட்டு நிறங்களின் சராசரி மட்டும். அந்த எட்டும் கொஞ்சம் வெளிறிய நிறங்கள். அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்குத் தனி மதிப்பெண், ஆர்9 என்று பெயர். 70 சிஆர்ஐ உள்ள எல்இடியில் ஆர்9 பூஜ்யத்துக்கும் கீழே போவது சகஜம். எல்லாப் பாடத்திலும் பாஸ், சிவப்பில் மட்டும் மைனஸ் மார்க்.

எல்இடிக்கு சிவப்பு ஏன் வரமாட்டேங்குது?

வெள்ளை எல்இடி உண்மையில் வெள்ளை இல்லை. உள்ளே இருப்பது நீல எல்இடி. அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த நீலத்தின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்துவிடும். ஆனால் அந்த வெள்ளைக்குள் சிவப்பு கொஞ்சம்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் சிவப்பே இல்லை என்றால் குங்குமம் எதைத் திருப்பி அனுப்பும்? அதனால்தான் மங்கிய பழுப்பாகத் தெரிகிறது.

சிவப்பாக ஒளிரும் பாஸ்பரையும் சேர்த்துப் பூசினால் பிரச்னை தீரும். ஆனால் சேர்த்தால் லூமென் குறையும். நம் கண் பச்சையைத்தான் அதிகம் உணரும், அடர் சிவப்பை மிகக் குறைவாகவே உணரும். லூமென் என்பது கண்ணின் அந்தப் பாரபட்சத்தை அப்படியே கணக்கில் எடுக்கும் அளவு. சிவப்புக்காகச் செலவழிக்கும் கரண்ட் லூமென் கணக்கில் ஏறாது. பெட்டியில் பெரிய எண் போட வேண்டிய கம்பெனி எதை வெட்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

லூமெனைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நமக்கு நஷ்டமா? 400 லூமென் டார்ச்சையும் 300 லூமென் டார்ச்சையும் தனித்தனியாகக் கொடுத்தால் எது எது என்று சொல்வது கஷ்டம். கண்ணுக்கு அந்த அளவு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 70 சிஆர்ஐ, 95 சிஆர்ஐ இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளை கூடச் சொல்லிவிடும்.

மாணிக்க நடராஜரும் கற்பூர ஆரத்தியும்

சிதம்பரம் நடராஜர் கோயிலில் ரத்தினசபாபதி என்கிற மாணிக்க நடராஜர் திருமேனிக்கு தினமும் காலையில் அபிஷேகம் நடக்கும். அப்போது பார்த்தவர்களுக்கு மறக்காத காட்சி, ஆரத்திதான். முன்னால் காட்டுவதோடு நிற்காமல், திருமேனிக்குப் பின்னாலும் கற்பூர ஆரத்தியைக் காட்டுவார்கள். சுடரின் ஒளி கல்லுக்குள் புகுந்து வரும்போது அந்தச் சிவப்பு தணல் மாதிரி ஒளிரும்.

அந்தச் சிவப்பு கல்லில் மட்டும் இல்லை, சுடரிலும் இருக்கிறது. கற்பூரம், எண்ணெய், திரி எல்லாவற்றிலும் ஒளிர்வது சூடான கரித்துகள். சூடேறி ஒளிரும் பொருள் நிறமாலையை விட்டுவிட்டுத் தராது, தொடர்ச்சியாகத் தரும். அதில் சிவப்பு வாரி வழியும். அதனால்தான் குத்துவிளக்கு வெளிச்சத்தில் பட்டுப்புடவையின் அரக்கு நிறம் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

பலர் குழம்பும் இடமும் இதுதான். குத்துவிளக்கு மஞ்சளாக இருக்கிறதே, வெள்ளை வெளிச்சம்தானே நிறத்தைச் சரியாகக் காட்டும்? வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பது வேறு கணக்கு. அது நிற வெப்பநிலை, கெல்வினில் சொல்வார்கள். சுடர் 2000 கெல்வினுக்குக் கொஞ்சம் கீழே, குண்டு பல்பு 2700 பக்கம், நடுப்பகல் வெயில் 5000-க்கு மேல், நீலம் அடிக்கும் மலிவு டார்ச் 6500 அல்லது அதற்கும் மேல். சிஆர்ஐ என்பது அந்த வெளிச்சத்துக்குள் எல்லா நிறமும் இருக்கிறதா என்பது. மஞ்சள் வெளிச்சத்துக்கு உயர்ந்த சிஆர்ஐ இருக்கலாம். பளீர் வெள்ளைக்கு மோசமான சிஆர்ஐ இருக்கலாம். நம் டார்ச்சுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

வீட்டுக்கும் பாக்கெட்டுக்கும் 4000 முதல் 5000 கெல்வின் நல்ல நடுவழி. சுடர் மாதிரி மஞ்சளாகவும் இருக்காது, ஆஸ்பத்திரி டியூப்லைட் மாதிரி நீலமாகவும் இருக்காது.

எங்கெல்லாம் இது உதவும்?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியும் முன்னே மீன் வாங்கப் போகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் புதுசு, பழுப்பாக இருந்தால் பழசு. 70 சிஆர்ஐ டார்ச்சில் புது மீன் கூட பழசு மாதிரி தெரியும். பேரம் பேச அது வசதி என்று ஒரு நண்பர் சொன்னார், அதை விட்டுவிடுவோம்.

ஒயர் விஷயம் விளையாட்டு இல்லை. நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு, கருப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு. மோசமான டார்ச்சில், அழுக்குப் பிடித்த சிவப்பு ஒயரும் கருப்பும் அருகருகே இருந்தால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நல்ல டார்ச் இருக்கிறது என்பதற்காக வெள்ளம் புகுந்த வீட்டில் நீங்களே போர்டைத் திறக்க வேண்டாம், வயர்மேன் வேலை அது. தெருவில் அறுந்து கிடக்கும் கம்பி என்றால் தள்ளி நின்று மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்க.

காயம் பட்ட இடத்தில் ரத்தமா சேறா, குழந்தையின் உடம்பில் சிவந்த தடிப்பு பரவுகிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று ராத்திரியில் பார்க்க வேண்டி வந்தால் அங்கேயும் வெளிச்சத்தின் நிறம்தான் முக்கியம். முந்திரித் தோப்பு ஓரம் வீடு இருப்பவர்களுக்கு இன்னொன்று. காய்ந்த சருகு மேல் கண்ணாடி விரியன் கிடந்தால் பழுப்பு மேல் பழுப்பு. நீல வெளிச்சம் அந்தப் பழுப்புகளின் வித்தியாசத்தை இன்னும் அழுத்திவிடும். நல்ல சிஆர்ஐ டார்ச் பாம்பின் மேலுள்ள வட்டங்களைக் கொஞ்சம் முன்கூட்டியே காட்டும். காட்டினால் பின்னால் வாங்க. கிட்டப் போய் என்ன பாம்பு என்று ஆராய வேண்டாம்.

சரி, எப்படி வாங்குவது?

முதலில் எல்இடியின் பெயரைக் கேளுங்க, டார்ச்சின் பெயரை அப்புறம் பார்க்கலாம். நிறம் நன்றாகக் காட்டும் எல்இடிகளில் பெயர் பெற்றவை ஜப்பானின் நிச்சியா கம்பெனியின் 219பி, 519ஏ. சாம்சங்கின் எல்எச்351டி-யில் 90 சிஆர்ஐ வகை உண்டு. லுமினஸ் எஸ்எஸ்டி-20-யில் 95 சிஆர்ஐ வகை உண்டு. ஒரே எல்இடி குறைந்த சிஆர்ஐ வகையிலும் வரும் என்பதால் "90 சிஆர்ஐ" என்று எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கணும். நிச்சியாவில் ஆர்9050 என்று குறியீடு இருந்தால் சிஆர்ஐ குறைந்தது 90, ஆர்9 குறைந்தது 50 என்று அர்த்தம். சிவப்புக்கு உத்தரவாதம் எழுத்திலேயே இருக்கிறது.

கடலூர், சிதம்பரம் கடைத்தெருவில் இந்தப் பெயர்களைக் கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆன்லைனில்தான் தேட வேண்டியிருக்கும். சோஃபர்ன், கான்வாய் மாதிரி சீன கம்பெனிகள் இந்த எல்இடிகளைப் போட்டு, பாக்கெட்டில் வைக்கிற அளவில் டார்ச் விற்கிறார்கள். சாதாரண டார்ச்சை விட விலை கூடத்தான். வருஷத்துக்கு ஒரு மலிவு டார்ச் வாங்கித் தூக்கிப் போடுகிற செலவையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்க.

எல்இடி பெயர் தெரியாத டார்ச்சா? கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம், காசு செலவில்லை. கடையின் இருட்டு மூலையில் உங்கள் உள்ளங்கையில் அடிங்க. நல்ல டார்ச்சில் கை உயிரோட்டமாக, ரத்த ஓட்டம் தெரியும். மோசமானதில் பச்சை சாம்பல் பூசிய மாதிரி, பிணத்தின் கை மாதிரி இருக்கும். இன்னும் உறுதியாக வேண்டுமா? மடித்த காகிதத்தில் கொஞ்சம் குங்குமமும் மஞ்சள்தூளும் கொண்டுபோங்க. குங்குமம் சிவப்பாகவே நின்றால் வாங்கலாம். செங்கல்பொடி நிறத்துக்குப் போனால் வைத்துவிட்டு வாங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

இன்னொரு சோதனை: டார்ச்சை எரியவிட்டு மொபைல் கேமராவில் பாருங்க. திரையில் கோடு கோடாக ஓடினால் அந்த டார்ச் வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. அதில் நெடுநேரம் படித்தால் சிலருக்குத் தலைவலி வரும்.

பேட்டரி: இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்

யுஎஸ்பி சார்ஜ் டார்ச் வசதிதான், கரண்ட் இருக்கும்வரை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்களைப் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு ஏஏ பேட்டரிக்கு. நாம் ரிமோட்டிலும் சுவர்க் கடிகாரத்திலும் போடும் அதே சைஸ். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், வேறு வழியில்லை என்றால் கடிகாரத்திலிருந்து கழற்றிக் கூடப் போடலாம். கடிகாரம் நின்றால் யாருக்கு என்ன?

ஏஏ சைஸிலேயே 14500 என்று ஒரு லித்தியம் பேட்டரி உண்டு. 14 மில்லிமீட்டர் தடிமன், 50 மில்லிமீட்டர் நீளம். பார்க்க ஏஏ மாதிரியே இருக்கும், ஆனால் 1.5 வோல்ட் இல்லை, 3.7 வோல்ட். இரண்டையும் ஏற்கும் டார்ச்சுகள் இருக்கின்றன, அதுதான் நமக்கு ஏற்றது. சாதாரண நாளில் ரீசார்ஜ் லித்தியம், புயல் நாளில் கடை பேட்டரி. "இரண்டும் போடலாம்" என்று டார்ச்சில் சொல்லாவிட்டால் 14500 போடாதீங்க, எல்இடி போய்விடும். அதைக் கடிகாரத்திலோ ரிமோட்டிலோ போடவே கூடாது.

அதிக நேரம் எரிய வேண்டும் என்றால் 18650. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், சட்டைப் பையில் கொஞ்சம் துருத்தும். நல்ல 3000 எம்ஏஎச் செல்லில் 100 லூமென் வெளிச்சத்தை ஏழெட்டு மணி நேரம் எதிர்பார்க்கலாம். அதே சைஸில் "9900 எம்ஏஎச்" என்று போட்டு விற்கிறார்களே, அது பொய். நல்ல கம்பெனி 18650 செல்களே 3500 எம்ஏஎச் அளவில்தான் வருகின்றன. பேட்டரியில் பொய் சொல்பவர் சிஆர்ஐயில் மட்டும் உண்மை சொல்வாரா?

எவ்வளவு வெளிச்சம் போதும்?

வீட்டுக்குள் 50 முதல் 100 லூமென். டார்ச்சை டம்ளரில் நிமிர்த்தி நிறுத்தி வெள்ளை மேற்கூரையில் அடித்தால் சின்ன அறை முழுக்க வெளிச்சம் பரவும், சாப்பிடலாம், பிள்ளைகள் படிக்கலாம். ராத்திரி எழுந்தால் 1 முதல் 5 லூமென் போதும், பக்கத்தில் படுத்திருப்பவர் எழமாட்டார். இந்தச் சிறிய வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்க, பலரும் அதைக் கேட்பதில்லை. தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க 300 லூமென் தாராளம்.

பெட்டியில் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று இருந்தால் லூமென் எண்ணை ஓரளவு நம்பலாம். எரியத் தொடங்கி குறைந்தது 30 விநாடி கழித்து அளக்க வேண்டும் என்பது அந்த விதி. அதே விதிப்படி "எரியும் நேரம்" என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். 10 மணி நேரம் என்று போட்டிருந்தால் 10 மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்று நினைக்க வேண்டாம்.

தண்ணீருக்கு ஐபிஎக்ஸ்7 இருக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் கிடந்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். ஐபிஎக்ஸ்4 என்றால் சாரல் மட்டும். பிச்சாவரத்தில் படகோட்டுபவர்களுக்கும் பரங்கிப்பேட்டை பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கும் சாரல் கணக்கு உதவாது. உப்புக் காற்று டார்ச்சின் ஸ்பிரிங்கை அரித்துவிடும் என்பதால் மூடியின் திருகில் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு அவ்வப்போது கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. சாதாரண ஏஏ பேட்டரியை மாசக்கணக்கில் உள்ளேயே விட்டால் ஒழுகிவிடும். கழற்றி, டார்ச்சோடு ஒரே கவரில் போட்டு வைக்கலாம்.

ஸ்விட்ச் எளிமையாக இருக்கட்டும். ஒரு தட்டில் எரியணும், ஒரு தட்டில் அணையணும். நாலு தட்டு தட்டினால் சிமிட்டும், நீண்ட அழுத்தம் கொடுத்தால் எஸ்ஓஎஸ் என்றெல்லாம் இருந்தால் வீட்டுப் பெரியவர்கள் அதை எடுக்கவே மாட்டார்கள். பாக்கெட்டில் தானாக எரிந்து சூடாகாமல் இருக்க மூடியைக் கால் சுற்று தளர்த்தி வையுங்க, பெரும்பாலான டார்ச்சுகளில் அதுவே பூட்டு.

மொபைலில் டார்ச் இருக்கே என்று கேட்பவர்களுக்கு: இருக்கு. அந்த நாட்களில் வீட்டில் இருக்கும் ஒரே போன் சார்ஜ் 20 சதவீதத்தில் இருக்கும்போது, அதை டார்ச்சாக எரிப்பீங்களா, இல்லை ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண வைத்துக்கொள்வீங்களா?

எங்கள் வீட்டில் இப்போது ஏஏ போடும் 90 சிஆர்ஐ டார்ச் ஒன்று, மாத்திரை டப்பா பக்கத்து ஆணியில் கயிற்றில் தொங்குகிறது. வேறு எங்கும் எடுத்துப் போகக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.